கிராபிக்ஸ் கார்டுக்குக் கிரீஸ் வைத்தவர்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் மரக்காணத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள். பத்தாவது வரை படித்தேன். பத்தொன்பது வருடமாக அடுத்தவர்கள் எழுதியதைக் கண்ணாடி மேல் கவிழ்த்து வைத்து, அதே மாதிரி இன்னொன்று எடுத்துக் கொடுப்பதுதான் என் வேலை. நானாக எழுதியது என்று பார்த்தால், 'இரண்டு பக்கமும் வேண்டுமா என்று முன்பே சொல்லவும்' என்று கடைச் சுவரில் ஒட்டிய ஒரு அட்டைதான். அதையும் இதுவரை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. அப்படிப்பட்டவள் பத்திரிகைக்கு எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம்தான். ஆனால் ஆள் எதிரில் நின்றால் எனக்குப் பேச்சு வராது. நீங்கள் எதிரில் இல்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

மரக்காணத்தில் துருப்பிடிக்காத பொருள் ஒன்றே ஒன்றுதான். கிரீஸ் அண்ணனின் நாக்கு.

மற்ற எல்லாம் துருப்பிடிக்கும். உப்பளத்துக் காற்று அப்படி. புது சைக்கிள் வாங்கி, கோயிலில் மந்திரித்து வீட்டுக்குக் கொண்டு வருவதற்குள் அதன் மணி தொண்டை கட்டிக்கொள்ளும். என் கடையில் ஸ்டேப்ளர் பின் டப்பாவைப் பிரித்த வாரமே பின்கள் எல்லாம் காவி கட்டி சாமியாராகிவிடும். ஜன்னல் கம்பியின் தடிமனைப் பார்த்தே வீடு கட்டி எத்தனை வருடம் ஆகிறது என்று எங்கள் ஊரில் சொல்லிவிடலாம்.

இந்தக் காற்றோடு தனி ஆளாகச் சண்டை போட்டவர் கிரீஸ் அண்ணன். உப்பளங்களுக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டார்களைப் பழுது பார்ப்பவர். வீடு பக்கத்து ஊரான அனுமந்தையில். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். அவருக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று உண்டு. ஒருமுறை ஆதார் கார்டை ஜெராக்ஸ் எடுக்கக் கொடுத்தார். பெயரைப் பார்த்துவிட்டு, "அண்ணே, வேற யாரோட கார்டையோ எடுத்துட்டு வந்துட்டீங்க" என்றேன். அவரும் வாங்கிக் கொஞ்ச நேரம் யோசனையாகப் பார்த்துவிட்டு, "இல்லம்மா, இது நான்தான்" என்றார்.

அவருடைய மொபெட்டின் முன்பக்கம் ஒரு பழைய பெயின்ட் டப்பா தொங்கும். டப்பா நிறைய கிரீஸ். கண்ணில் பட்டதற்கெல்லாம் ஒரு விரல் வைத்துவிட்டுத்தான் போவார். கோயில் கேட்டின் கீல், பஸ் நிறுத்தத்து பெஞ்சின் நட்டு, யாரோ பூட்டி வைத்துவிட்டுப் போன சைக்கிளின் செயின். கல்யாண வீட்டில் சீர்வரிசையாக வந்த பீரோவின் பூட்டு. ஒரு சாவு வீட்டில் சவப்பெட்டியின் கீலுக்கே வைத்துக்கொண்டிருந்தார்.

"ஏண்ணே, இதுக்குமா?" என்று கேட்டார் இறந்தவரின் மருமகன்.

"உயிர்த்தெழுற அன்னிக்கு மூடி தொறக்க வேணாமா? கடைசி நேரத்துல மாட்டிக்கிட்டா ஆள் என்னா பண்ணுவாரு?"

அழுதுகொண்டிருந்தவர்களில் பாதிப் பேர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள்.

ஊரில் அவர் விரல் படாத இரும்பு என் கடை ஷட்டர் மட்டும்தான். காலையில் நான் அதைத் தூக்கும்போது வரும் சத்தத்தில் எதிர் டீக்கடையில் எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டு, அது முடிந்ததும் தொடர்வார்கள். கிரீஸ் அண்ணனுக்கு அந்தச் சத்தம் பல்வலி மாதிரி.

"ஏம்மா ஜெராக்ஸு, ஒரே ஒரு விரல் வச்சிடட்டா?"

"வேணாண்ணே. ஷட்டர் தொட்ட கையோடதான் பசங்க மார்க் ஷீட்ட தொடணும். கறை ஆயிடும்."

"சரி. நீயா சொல்லாம வைக்க மாட்டேன். ஆனா ஒருநாள் சொல்லுவ."

நான் சொல்லவில்லை. அவரும் வைக்கவில்லை. பல வருடம் இப்படியே ஓடியது.

போன வருடம் ஒரு திங்கட்கிழமை, துண்டில் சுற்றிய ஒரு பெட்டியைக் குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு கடைக்குள் வந்தார். மேஜை மேல் வைத்துப் பிரித்தார். உள்ளே இரண்டு விசிறி வைத்த ஒரு கறுப்புப் பலகை.

"என்னாண்ணே இது?"

"கிராபிக்ஸ் கார்டும்மா. கம்ப்யூட்டர்ல படம் காட்டறது. புத்தம் புதுசு. ஸ்டீபன் குவைத்லருந்து அனுப்பியிருக்கான்."

ஸ்டீபன் அவருடைய ஒரே மகன். குவைத்தில் டிரெய்லர் லாரி ஓட்டுகிறான். அங்கே வெள்ளிக்கிழமை விடுமுறை. அன்று சாயங்காலம் அப்பாவுக்குப் போன் செய்வான். என் கடை வாசலில் சிக்னல் நன்றாகக் கிடைக்கும் என்பதால் கிரீஸ் அண்ணன் அங்கே நின்றுதான் பேசுவார். வேண்டாம் என்றாலும் என் காதில் விழும்.

"அப்பா."

"ம்."

"சாப்டியா?"

"சாப்டேன். நீ?"

"சாப்டேன். அங்க வெயிலா?"

"வெயிலுதான். அங்க?"

"வெயிலுதான்."

"சரி."

"வச்சிடட்டா?"

"வைய்யி."

ஒவ்வொரு வாரமும் இதேதான். ஒரு வார்த்தை கூடாது, குறையாது. காப்பி எடுப்பதில் நான் எல்லாம் அவர்களிடம் நிற்க முடியாது. பேசி முடித்ததும் போனைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே ஸ்க்ரூ இருக்கிறது என்று தெரியாத மோட்டாரைப் பார்ப்பது போல் கொஞ்ச நேரம் பார்ப்பார். ஊருக்கெல்லாம் ஓயாத நாக்கு, வெள்ளிக்கிழமை சாயங்காலம் மகனிடம் மட்டும் துருப்பிடித்து நின்றுவிடும்.

கார்டு கொண்டுவந்த அன்று அவரே காரணமும் சொன்னார்.

"பேசறதெல்லாம் அவங்கம்மா பேசிடுவா. நாங்க ரெண்டு பேரும் பக்கத்துல நின்னு ம் போடறதோட சரி. அவ போயி ரெண்டு வருஷம் ஆவுது, இப்ப யாரு பேசறது? அவனும் நானும் பேசணும்னா நடுவுல ஒரு மோட்டாரு பிரிச்சிக் கிடக்கணும். அப்பத்தான் ரெண்டு பேருக்கும் வாய் வரும். குவைத்துக்கும் அனுமந்தைக்கும் நடுவுல எந்த மோட்டார பிரிச்சிப் போடறது, சொல்லு."

அதற்கு மகன், நடுவில் ஒரு ராத்திரி தனியாகப் போன் செய்து, ஒரு வழி சொல்லியிருக்கிறான். கம்ப்யூட்டரில் ஒரு லாரி கேம் இருக்கிறதாம். அவன் அறையில் தங்கியிருப்பவர்கள் எல்லாரும் விளையாடுகிறார்களாம். அங்கிருந்து அவனும் இங்கிருந்து இவரும் ஒரே ரோட்டில், ஒன்றன்பின் ஒன்றாக லாரி ஓட்டலாம். ஓட்டிக்கொண்டே போனில் பேசலாம்.

"வாரம் பூரா லாரி ஓட்டிட்டு லீவு நாள்லயும் லாரியா ஓட்டறான்?" என்றேன்.

"நாக்கூட ஞாயித்துக்கிழமை சும்மா இருக்க முடியாம வீட்டு மோட்டார பிரிச்சி மாட்டறேன். என் புள்ளதானே?"

வரும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்தரைக்கு மகன் காத்திருப்பான். எல்லாம் சரி. ஒரே ஒரு விஷயம்தான் எனக்குப் புரியவில்லை.

"உங்ககிட்ட கம்ப்யூட்டர் ஏதுண்ணே?"

கிரீஸ் அண்ணன் என் கடைக் கம்ப்யூட்டரைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

விஷயம் இதுதான். 'கம்ப்யூட்டர் இருக்குதாப்பா?' என்று மகன் கேட்டதும், 'நம்ம வீட்லயே இருக்குது' என்று சொல்லிவிட்டார். 'என்ன ப்ராசஸர்?' என்று கேட்டிருக்கிறான். மறுநாள் என் கடைக்கு வந்து, தூசி தட்டுகிற மாதிரி குனிந்து, என் கம்ப்யூட்டரில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் போனில் எழுத்து எழுத்தாகப் படித்துக் காட்டியிருக்கிறார். 'அப்பா, இது நான் பத்தாவது படிக்கும்போது வந்ததாச்சே' என்று மகன் சிரித்தானாம். பெட்டி முழுவதையும் அனுப்ப முடியாது, கார்டு மட்டும் புதிதாகப் போட்டால் ஓரளவு ஓடும் என்று, லீவில் ஊருக்கு வந்த ஒருவரின் பையில் கொடுத்தனுப்பிவிட்டான்.

"வீட்ல இருக்குதுன்னு எதுக்கு சொன்னீங்க?"

"இந்த வயசுல அடுத்தவங்க கடையில போயி வெளாடறேன்னு சொன்னா புள்ள என்னா நெனைப்பான்? அப்பனுக்கு ஒண்ணும் இல்லன்னு நெனைக்க மாட்டான்?"

அது என் கடையில் இருக்கும் ஒரே கம்ப்யூட்டர். விண்ணப்பம், சான்றிதழ், ரிசல்ட் எல்லாம் அதில்தான். 'முடியாது' என்று சொல்ல வேண்டும். நான்கு எழுத்துதான். வாயைத் திறந்தேன். "சரிண்ணே" என்று வந்தது.

அன்று சாயங்காலமே கேமை இறக்கப் போட்டேன். செவ்வாய்க்கிழமை காலை வரை இறங்கிக்கொண்டிருந்தது. அதன் பிறகு கிரீஸ் அண்ணன் கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்தார். கார்டு நான்கு விரல் நீளம் அதிகம். உள்ளே போகவில்லை. வேறு யாராவது என்றால் கார்டைத் திருப்பி எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள். இவர் மொபெட்டுக்குப் போய் ஆக்சா பிளேடை எடுத்துவந்தார்.

"அண்ணே!"

"பயப்படாத. ஹார்டு டிஸ்க் வைக்கிற கூண்டு சும்மா காலியா நிக்குது. அத மட்டும் அறுத்துடறேன். உப்பு லாரி உள்ள வரணும்னா கேட்ட கொஞ்சம் அகலப்படுத்தறதில்லையா?"

அறுத்தார். இரும்புத் தூளை ஊதி, துண்டால் துடைத்து, கார்டை வைத்துப் பார்த்தார். வாங்கின நாளிலிருந்து அங்கேயே இருந்த மாதிரி உட்கார்ந்தது. அடுத்த தடை: கார்டுக்குக் கரண்ட் கொடுக்கத் தனி ஒயர் வேண்டும். என் பெட்டியின் பவர் சப்ளையில் அது இல்லை. "இது பெரிய மோட்டாரும்மா, தனி லைன் கேக்குது" என்று சொல்லிவிட்டு மதியம் பாண்டிச்சேரிக்குப் பஸ் ஏறினார். சாயங்காலம் புது பவர் சப்ளையோடும் கடுங்கோபத்தோடும் திரும்பி வந்தார்.

"அந்தக் கடைக்காரன் சிரிக்கிறான்மா. 'பெருசு, இந்தக் கார்டுக்கு இந்த ப்ராசஸரா? மாட்டு வண்டிக்கு ஜெட் இன்ஜின் வச்ச மாதிரி இருக்குது. மொத்தமா புதுசா வாங்கிடு'ன்றான்."

"நீங்க என்னா சொன்னீங்க?"

"அந்த மாடு எத்தன வருஷமா ஒரு குடும்பத்துக்கு சோறு போடுதுன்னு தெரியுமாடான்னு கேட்டுட்டு வந்துட்டேன். உன் கம்ப்யூட்டர நான் விட்டுக்குடுக்கல."

அதைக் கேட்டு எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. அவருக்கு டீ வரவழைத்துக் கொடுத்தேன். அடுத்த நாள் நடந்ததற்கு அந்த டீயும் ஒரு காரணமோ என்று இப்போதும் நினைப்பேன். உற்சாகம் கூடிவிட்டது.

புதன்கிழமை காலை நான் மெயின் ரோட்டுக்குப் பேப்பர் கட்டு வாங்கப் போய்த் திரும்புவதற்குள், எல்லாவற்றையும் மாட்டி மூடி, துடைத்து வைத்திருந்தார். சுவிட்சைப் போட்டேன். விசிறிகள் சுற்றின. திரையில் ஒன்றும் வரவில்லை. அணைத்துப் போட்டேன். விசிறி சுற்றியது. திரை கறுப்பு.

வாசலில் நான்கு பேர் நின்றார்கள். அதில் ஒரு அம்மா, மகளின் கல்லூரி விண்ணப்பத்தை அனுப்ப வந்தவர். அன்று சாயங்காலம் ஐந்து மணிதான் கடைசி நேரம்.

குனிந்து பெட்டிக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனேன். வாசனை வந்தது. எங்கள் ஊரில் பிறந்த எல்லாருக்கும் தெரிந்த வாசனை.

"அண்ணே, கிரீஸ் வச்சீங்களா?"

"வைக்காம? கார்டுக்கு அடியில தங்கக் கலர்ல பல்லு பல்லா இருக்குது. நம்ம ஊரு காத்துக்கு ஒரு மாசம் தாங்குமா? பேட்டரி டெர்மினலுக்கு வைக்கறதில்லையா, அதே மாதிரிதான். சாதா கிரீஸு இல்லம்மா, கடல் படகுக்கு வைக்கிற ஒசத்தி கிரீஸு."

"கார்டுக்கு மட்டுமா?"

"பக்கத்துல ரெண்டு பட்டையா சொருகியிருந்துதே, அதையும் கழட்டி வச்சேன். ஒருத்தருக்கு வச்சி ஒருத்தருக்கு வைக்கலன்னா நல்லாவா இருக்கும்?"

அந்த இரண்டு பட்டைகளும் கம்ப்யூட்டரின் மெமரி. அது இல்லாமல் பெட்டி கண்ணே திறக்காது.

பத்தொன்பது வருடத்தில் நான் அந்தக் கடையில் குரல் உயர்த்தியது ஒரே ஒருமுறை. அது அன்றுதான்.

"மொதல்ல அந்த டப்பாவ எடுத்துக்கிட்டு வெளிய போங்கண்ணே! இனிமே இந்தக் கடை வாசப்படிகிட்ட கிரீஸ் டப்பா வரக் கூடாது!"

ஷட்டர் தூக்காமலேயே எதிர் டீக்கடையில் பேச்சு நின்றது.

கிரீஸ் அண்ணன் டப்பாவை மொபெட்டிலிருந்து கழற்றி, ரோட்டைத் தாண்டிப் போய் டீக்கடை பெஞ்சுக்கு அடியில் வைத்தார். திரும்பி வந்தார். உள்ளே வராமல், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வெயிலில் நின்றார். அந்த நாக்கு என்னிடம் நின்று போனதை அன்றுதான் பார்த்தேன். எனக்கு அழுகை வந்தது. அழ நேரமில்லை, மணி பதினொன்று.

பிரின்டரின் கார்ட்ரிட்ஜ் தகராறு செய்தால் அதன் தகடுகளை நான் பென்சில் ரப்பரால் தேய்ப்பேன். எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் அதுதான். மெடிக்கலில் ஸ்பிரிட் வாங்கினேன், ஒரு புது டூத் பிரஷ் வாங்கினேன். பலகை பலகையாகக் கழற்றி, பொந்து பொந்தாகத் துடைத்தேன். ரப்பரால் பல் பல்லாகத் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்கக் கிரீஸ் வந்துகொண்டே இருந்தது. ஒசத்தி கிரீஸ் என்று அவர் சொன்னது பொய்யில்லை.

மூன்று மணிக்குப் பெட்டி 'பீப்' என்றது. திரை வந்தது. அந்த அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். யாரைக் கும்பிட்டார் என்று தெரியவில்லை, கம்ப்யூட்டரையாகவும் இருக்கலாம். விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. அதன் பிறகுதான் மேஜை மேல் தனியாகக் கிடந்த அந்தக் கார்டைப் பார்த்தேன். வாசலில் அவர் அப்படியே நின்றார். வெள்ளிக்கிழமைக்கு இரண்டு நாள் இருந்தது.

"கைய கழுவிட்டு வாங்கண்ணே" என்றேன்.

டீக்கடைத் தொட்டியில் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினார். கறுப்பு போனதும், அவர் விரல்களின் நிறத்தை முதல்முறையாகப் பார்த்தேன். கூட நின்றவர்களும் வந்து பார்த்தார்கள்.

கார்டைத் துடைத்து மாட்டினோம். வியாழக்கிழமை மதியம் கேமைத் திறந்தோம். திரையில் ஒரு வெளிநாட்டு ரோடு. மழை. முன்கண்ணாடியில் துளித் துளியாகத் தண்ணீர் இறங்குகிறது. தூரத்தில் மலை. என் கம்ப்யூட்டருக்குள் இப்படி ஒரு ஊர் இருந்ததா என்று ஆகிவிட்டது எனக்கு. அதுவரை அதில் நான் பார்த்த பெரிய படம் பாஸ்போர்ட் சைஸ் போட்டோதான்.

கிரீஸ் அண்ணன் ஆகாயத்தில் மிதக்கிற மாதிரி ஓட்டினார். டவுன் வரும் வரைக்கும்தான். டவுனுக்குள் நுழைந்ததும் படம் நின்று நின்று வந்தது. லாரி தவளை மாதிரி தாவி, ஒரு சிக்னல் கம்பத்தில் ஏறி நின்றது.

"ஏர் புடிச்சிடுச்சி" என்றார். தண்ணீர் ஏறாமல் மோட்டார் திணறினால் சொல்கிற வார்த்தை அது.

மகன் சொல்லிக் கொடுத்திருந்தபடி, திரையின் மூலையில் இரண்டு எண்கள் தெரிகிற மாதிரி வைத்திருந்தார். ஒன்று கம்ப்யூட்டரின் மூளையான ப்ராசஸர் எவ்வளவு உழைக்கிறது என்பது, இன்னொன்று கார்டு எவ்வளவு உழைக்கிறது என்பது. டவுனுக்குள் ப்ராசஸர் நூற்றுக்கு நூறு காட்டியது. கார்டு நாற்பதைத் தாண்டவில்லை. அந்த இரண்டு எண்களையும் வெகுநேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். நாக்கு திரும்ப ஓட ஆரம்பித்தது.

"இது நம்ம உப்பளம்தான்மா. உப்பு வார்ற பாத்தி முப்பது போட்டுட்டு, அதுக்கு முன்னாடி தண்ணிய காய வைக்கிற பாத்தி மூணே மூணு வச்சா என்னா ஆவும்? மூணும் மூச்சு வாங்கும், முப்பதும் வாயத் தொறந்துக்கிட்டு சும்மா கெடக்கும். உன் ப்ராசஸர் அந்த மூணு பாத்தி. என் புள்ள அனுப்புனது முப்பது பாத்தி."

"அப்ப புதுசுதான் வாங்கணுமா? பாண்டிச்சேரிக்காரன் சொன்ன மாதிரி?"

"அவன் விக்கிறவன், அப்படித்தான் சொல்லுவான். இருக்கறத வச்சி உப்பு எடுக்கறவன் மடைய அளந்து தொறப்பான். மூச்சு வாங்கறவன் தலையிலருந்து மூட்டைய எறக்கு. சும்மா குந்தியிருக்கறவனுக்குக் கோலம் போடற வேலையக் குடு."

கேமின் செட்டிங்கில் எல்லாம் ஆங்கிலம். நான் விரல் வைத்து எழுத்துக் கூட்டிப் படிக்க, அவர் சொல்லச் சொல்ல மாற்றினேன். ரோட்டில் போகும் மற்ற வண்டிகளைக் குறைத்தோம், அது ப்ராசஸரின் சுமையாம். ஒரு விநாடிக்கு எத்தனை படம் என்பதை நாற்பதில் நிறுத்தினோம், அதற்கு மேல் அள்ளிக் கொட்டாதபடி. அதுதான் மடை. கடைசியாக மழை, நிழல், ரோட்டின் பளபளப்பு எல்லாவற்றையும் உச்சத்தில் வைத்தோம். அது கார்டின் வேலை, போடட்டும் கோலம்.

மறுபடியும் டவுனுக்குள் போனார். தாவல் இல்லை. எதிரில் அதிகம் வண்டியும் வரவில்லை. உப்புப் பாத்திக்குள் தண்ணீர் இறங்குகிற மாதிரி லாரி நிதானமாகப் போனது. நான் கை தட்டிவிட்டேன். பிறகு வெட்கப்பட்டு அந்தக் கையாலேயே லேமினேஷன் மிஷினைத் துடைத்தேன்.

வெள்ளிக்கிழமை ஐந்தேகாலுக்கு கிரீஸ் அண்ணன் கோயிலுக்குப் போடும் வெள்ளைச் சட்டையில் வந்தார். தலையில் எண்ணெய். டீக்கடையில் இருந்த மொத்தப் பேரும் பின்னாலேயே வந்தார்கள். கீபோர்டுக்கு நான் பிளாஸ்டிக் உறை போட்டிருந்தேன். போனை லவுட் ஸ்பீக்கரில் போட்டு, ஸ்டேப்ளர் மேல் சாய்த்து வைத்தோம். திரையில் முன்னால் ஒரு சிவப்பு லாரி நின்றது. அதன் மேல் ஸ்டீபன் என்று பெயர் தெரிந்தது.

"அப்பா."

"ம்."

"சாப்டியா?"

"சாப்டேன். நீ?"

"சாப்டேன்."

அறுத்தது, துடைத்தது, தேய்த்தது எல்லாம் இதற்குத்தானா? 'வெயிலா' என்று கேட்டு, 'வச்சிடட்டா' என்று முடித்துவிடுவார்களோ? சிவப்பு லாரி புறப்பட்டது. கிரீஸ் அண்ணனும் எடுத்தார். இரண்டு நிமிடம் இன்ஜின் சத்தம் மட்டும்தான்.

திடீரென்று எதிரில் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது.

"அப்பா, ரைட்ல வா! ரைட்ல!"

"ஏன்டா, எல்லாரும் எதிர்லயே வர்றானுங்க? ரோடு தெரியாதவனுக்கெல்லாம் லைசன்ஸ் குடுத்துட்டானுங்களா?"

"நீதாம்பா எதிர்ல போற! இந்த ஊர்ல ரைட் சைடு!"

"அத மொதல்லயே சொல்றதுக்கு என்னா? அப்பன் அடிபட்டப்புறம் சொல்லுவியா?"

போனில் ஸ்டீபன் சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் அதற்கு முன் கேட்டதில்லை. அசல் அவன் அப்பா சிரிப்பின் காப்பி.

"டேய், உன் வண்டில பின்னாடி எடது டயரு ஆடுதுடா."

"ஆடாதுப்பா. இது கம்ப்யூட்டரு."

"ஆடுதுன்றேன்."

"என் நெஜ வண்டிதாம்பா ஒரு வாரமா ஒரு சத்தம் குடுக்குது. இங்க யாருக்கும் புரியல."

கிரீஸ் அண்ணன் முதுகை நிமிர்த்தினார். "எப்படி வருது? வாயால போட்டுக் காட்டு."

"க்ர்ர்ர்ர்... டக். க்ர்ர்ர்ர்... டக்."

"எல்லாரும் சும்மா இருங்கப்பா." நாங்கள் சும்மாதான் இருந்தோம். "மறுக்கா போடு."

"க்ர்ர்ர்ர்... டக்."

"வளைவுல திருப்புனா நிக்குதா, கூடுதா?"

"கூடுதுப்பா."

"வீல் பேரிங்கு. கிரீஸு காஞ்சிப் போயிருக்குது. நாளைக்கே பிரிக்கச் சொல்லு. பிரிக்கறப்ப நீ கூட நில்லு, அவனுங்க அரை விரல் வச்சிட்டு மூடிடுவானுங்க."

அதிலிருந்து ஆரம்பித்தது. பேரிங்கிலிருந்து பிரேக்குக்குப் போனார்கள், பிரேக்கிலிருந்து அவன் அறையில் ஒழுகும் ஏசிக்கு, அங்கிருந்து அம்மா வைத்த வஞ்சிரக் குழம்புக்கு, அதில் அவள் கடைசியாக என்ன போடுவாள் என்ற சண்டைக்கு. ரோடு போய்க்கொண்டே இருந்தது. பேச்சும்.

அப்போதுதான் புதிதாக வந்த ஒருவர், நடப்பது எதுவும் தெரியாமல், வாசலிலிருந்து கத்தினார். "எக்கா, ஆதார் முன்னாடி பின்னாடி ரெண்டு காப்பி!"

நான் கையைக் காட்டுவதற்குள் போனில் குரல் வந்தது.

"அப்பா, நம்ம வீட்ல ஜெராக்ஸ் மிஷினும் இருக்குதா?"

கிரீஸ் அண்ணனின் லாரி வேகம் குறைந்தது. குறைந்து குறைந்து ரோட்டோரமாக நின்றது. முன்னால் போன சிவப்பு லாரியும் நின்றது.

"இல்லடா," என்றார். குரல் இறங்கிவிட்டது. "இது ஜெராக்ஸ் அம்மா கடை. நம்ம வீட்ல கம்ப்யூட்டர் இல்ல. சும்மா சொன்னேன்."

"தெரியும்பா."

"எப்படிடா?"

"அன்னிக்கு நீ ஸ்டிக்கர் படிச்சப்ப, நடுவுல ஒரு அம்மா 'ரேஷன் கார்டு லேமினேஷன் ஆயிடுச்சா'ன்னு கேட்டாங்க."

டீக்கடைக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் ரோட்டுக்கு ஓடினார்.

"அப்புறம் எதுக்குடா கார்டு அனுப்புன?"

நின்றிருந்த சிவப்பு லாரி ஒருமுறை ஹாரன் அடித்தது.

"பழசோ புதுசோ, நீ எப்படியாவது ஓட வச்சிடுவன்னு தெரியும்பா. எடு வண்டிய. போலாம்."

கிரீஸ் அண்ணன் துண்டைத் தேடினார். சட்டை வெள்ளையாக இருந்ததால் துண்டை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். நான் ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக் கொடுத்தேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்தார்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டினார்கள். ஆதார்காரர் காப்பி வாங்க மறந்து, பின்னால் நின்று 'லெப்ட்ல கை காட்டு, லெப்ட்ல' என்று வழி சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் ஸ்டீபன், "இன்னிக்கு ரூம்ல சமையல் என் முறைப்பா, வச்சிடட்டா?" என்றான்.

"இருடா," என்றார் கிரீஸ் அண்ணன். "தோ, அந்தப் பாலத்த தாண்டிட்டு வச்சிக்கலாம்."

பாலத்தைத் தாண்டினார்கள். அதற்குப் பிறகு இன்னும் இரண்டு பாலம் வந்தது. அவற்றையும் தாண்டினார்கள்.

எல்லாரும் போன பிறகு எழுந்து வாசலில் நின்றார். எதிரில் டீக்கடை பெஞ்சுக்கு அடியில், புதன்கிழமை வைத்த டப்பா அங்கேயே இருந்தது. இரண்டு நாளாக அவர் அதை எடுக்கவில்லை. இப்போதும் அந்தப் பக்கம் பார்க்காமல், "வர்றேம்மா" என்றார்.

எனக்கு எதிரில் ஆள் நின்றால் பேச்சு வராது என்று முதலிலேயே சொன்னேன். அன்று வந்தது.

"அண்ணே, இந்த ஷட்டரு ரொம்ப சத்தம் போடுது."

அவர் சுத்தமாக இருந்த தன் கைகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நெஜமாவா?"

"ஒரே ஒரு விரல்தான்."

மறுநாள் சனிக்கிழமை. காலை எட்டரை மணிக்கு ஷட்டரைத் தூக்கினேன். சத்தம் வரவில்லை. எதிர்க்கடையில் யாரும் பேச்சை நிறுத்தவில்லை. பூட்டுப் போடும் வளையத்தில், கை துடைத்துக்கொள்ள ஒரு புதுத் துணி கட்டியிருந்தது.